மாடியில் கிடந்த இறகு

நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் மட்டும் படியுங்கள். என்னிடம் படித்தவர்களுக்கு இது பழக்கம்தான். நாற்பது நிமிஷப் பாடவேளையை மணி அடித்த பிறகும் இழுத்துக்கொண்டு போகிற டீச்சர் என்று என்னைப் பற்றிப் பேசிக்கொள்வீர்கள், எனக்குத் தெரியும்.

முப்பத்திரண்டு வருஷம் விலங்கியல் எடுத்தேன். அத்தனை வருஷத்திலும் பிள்ளைகளின் புத்தகத்துக்குள் நான் பார்த்த இறகு ஒன்றே ஒன்றுதான். மயிலிறகு. அது குட்டி போடும் என்று நம்பி, பென்சில் சீவிய தூளை இரையாக வைத்து, பக்கத்தைத் திறக்காமல் காத்திருப்பார்கள். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள்கூட! நானும் சிறுவயதில் வைத்தவள்தான், அதனால் யாரையும் திட்டியதில்லை. ஆனால் மாடப்புறா இறகை எடுத்து வைத்திருந்த ஒரு பிள்ளையைக்கூட நான் பார்த்ததில்லை. வராந்தா முழுக்க அதுதான் கிடக்கும். ஆயாம்மா காலையில் கூட்டித் தள்ளுவார், மத்தியானம் மறுபடி கிடக்கும். தினமும் காலில் மிதிபடுகிற பொருளை யார் குனிந்து பார்ப்பார்கள்? அதனால்தான், அதையே ஒருநாள் கையில் கொடுத்து இது என்ன பறவை என்று கேட்டால், பருந்து என்கிறார்கள், காக்கா என்கிறார்கள், ஒருவர் "வெளிநாட்டுப் பறவையா இருக்கும் டீச்சர்" என்றும் சொன்னார்.

போன ஆடி மாசம் எங்கள் தெருவில் அப்படி ஒரு சாம்பல் இறகுக்காக இரண்டு வீடுகள் பேச்சை நிறுத்திக்கொண்டன. அதைத்தான் எழுத வந்தேன். சம்பந்தப்பட்ட இருவரிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர்கள் வேண்டாம்.

பாளையங்கோட்டையில் எங்கள் தெரு பழைய தெரு. வீடுகளின் மொட்டை மாடிகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு பையன். வயது பத்தொன்பது. பாலிடெக்னிக்கில் படிக்கிறான். அப்பா இல்லை. அப்பா விட்டுப்போனது ஒரு சைக்கிளும், மாடியில் ஒரு புறாக் கூண்டும். கூண்டில் இப்போது பதினாறு புறா. சினிமாவில் 2015-இல் 'மாரி' வந்த சமயம் தெருவில் பாதிப் பையன்கள் புறா வளர்க்கிறேன் என்று கிளம்பி, ஆறு மாசத்தில் விட்டுவிட்டார்கள். இவன் அதற்கு முன்பும் வளர்த்தான், பின்பும் வளர்க்கிறான்.

அவனுக்கு அடுத்த வீடு ஆச்சி வீடு. எழுபத்தெட்டு வயது, தனியாக இருக்கிறார். ராசா என்று ஒரு கடுவன் பூனை. பையனின் அம்மா வேலைக்குப் போன காலத்தில் அவனைத் தூக்கி வளர்த்தவர் இந்த ஆச்சிதான். ரசம் சாதம் பிசைந்து ஊட்டுவதை நானே பார்த்திருக்கிறேன்.

பையனிடம் ஒரு ஹோமர் இருந்தது. நீலம் என்று கூப்பிடுவான். சாம்பல் உடம்பு, சிறகில் இரண்டு கறுப்புப் பட்டை, காலில் எண் போட்ட வளையம். அப்பா வைத்திருந்த ஜோடியின் கடைசிக் குஞ்சு. ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்த வாரத்தில் அதைக் கயத்தாறு பக்கம் கொண்டுபோய் விட்டிருக்கிறான். முப்பது கிலோமீட்டர்கூட இருக்காது. அதைவிடத் தூரத்திலிருந்தெல்லாம் வந்த புறாதான். காற்றாலைகள் சுற்றுகிற அந்தப் பொட்டலில் ஆடி மாசம் எப்படி வீசும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். அன்றைக்கு நீலம் வரவில்லை. மறுநாளும் இல்லை.

ஆறாம் நாள், ஆச்சி வீட்டு மாடியில் ராசா படுத்துக் கிடக்கிற மூலையில் ஒரு சாம்பல் இறகைப் பார்த்துவிட்டான். அவ்வளவுதான். புறா களைத்துப்போய் ஆச்சி மாடியில் இறங்கியிருக்கிறது, பூனை அடித்துவிட்டது என்று அவனே முடிவு கட்டிவிட்டான். தெருவில் நின்று கத்தினான். கடைசியாக அவன் சொன்ன வார்த்தைதான் எல்லோருக்கும் கேட்டது: "கருவாட்டுல மருந்து வச்சிருவேன், பாத்துக்கிடுங்க."

ஆச்சி பதிலே பேசவில்லை. ராசாவை உள்ளே போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். இரண்டு நாள் தெருக் குழாய்க்குக்கூட வரவில்லை. மூன்றாம் நாள் பையன் அந்த இறகோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"டீச்சர், இதப் பாருங்க. நான் சும்மா சொல்லுதேன்னு எல்லாரும் என்னையத்தான் ஏசுதாங்க. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

"இது என்ன இறகு?"

"என்ன டீச்சர் இப்படிக் கேக்கிய? புறா எறகு."

"புறா இறகுன்னு எனக்குக் காட்டிக் கொடு. காக்கா இறகு, பருந்து இறகுன்னு நாளைக்கு ஒருத்தர் சொன்னா நீ என்ன பதில் சொல்லுவ?"

அவனுக்கு எரிச்சல்தான். ஆனால் உட்கார்ந்தான். கோபமாக வருகிற பிள்ளையிடம் நியாயம் பேசி நான் ஜெயித்ததே இல்லை. கையில் ஒரு வேலை கொடுத்தால் ஜெயித்திருக்கிறேன்.

ஜன்னல் பக்கம் செய்தித்தாளை விரித்தோம். பேரனின் ஸ்கேல், எங்கள் வீட்டுக்காரர் பேப்பர் படிக்கிற பூதக்கண்ணாடி. அவ்வளவுதான் எங்கள் ஆய்வுக்கூடம்.

கையில் ஒரு இறகு கிடைத்தால் எந்தப் பறவை என்று முதலில் கேட்கக் கூடாது. உடம்பில் எந்த இடத்து இறகு என்று கேட்க வேண்டும். நடுத்தண்டுக்கு இரண்டு பக்கமும் இழைகள் சேர்ந்து மடல் மாதிரி நிற்கும் அல்லவா, அந்த இரண்டு மடலும் ஒரே அகலமாக இருந்தால் உடல் இறகாகவோ வாலின் நடு இறகாகவோ இருக்கலாம். ஒரு மடல் குறுகியும் மறு மடல் அகன்றும் இருந்தால் அது பறப்பதற்கான இறகு. குறுகிய மடல்தான் காற்றைக் கிழித்துக்கொண்டு முன்னால் போவது. இந்த இறகில் குறுகிய மடல் சுண்டுவிரல் நகத்தின் பாதி அகலம்கூட இல்லை. நுனியும் கூர்ந்திருந்தது. ஆகவே சிறகின் வெளிப்பக்கத்து இறகு.

எந்தச் சிறகு, வலதா இடதா? அதையும் சொல்லிவிடலாம். தண்டைத் திருப்பிப் பார்த்தால் ஒரு பக்கம் பள்ளமாகக் கோடு ஓடும். அது அடிப்பக்கம். வழவழப்பான மேல்பக்கம் நம்மைப் பார்க்க, நுனி நமக்கு எதிர்ப்பக்கம் இருக்கும்படி பிடியுங்கள். குறுகிய மடல் இடது கைப்பக்கம் வந்தால் அது வலது சிறகின் இறகு. இதில் இடது பக்கம் வந்தது. வலது சிறகு. பையன் இதை இரண்டு தடவை திருப்பித் திருப்பிச் சரிபார்த்தான். அங்கேயே அவன் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது.

அப்புறம்தான் பறவை. நீளம் பதினாறு சென்டிமீட்டர். எங்கள் தெருவில் பார்க்கக்கூடிய பறவைகளை ஒவ்வொன்றாக வரிசையில் நிற்க வைத்தோம். காக்கா? நம் ஊர்க் காக்காவுக்குக் கழுத்துதான் சாம்பல், சிறகு மினுமினுக்கிற கறுப்பு. இது இல்லை. பருந்து? பருந்தின் சிறகு இறகு இதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளம் வரும், தவிட்டு நிறம். அதுவும் இல்லை. குயில்? ஆண் குயில் முழுக் கறுப்பு, பெண் குயிலின் இறகில் வெள்ளைப் புள்ளியும் பட்டையும். இல்லை. புள்ளிப்புறாவும் கள்ளிப்புறாவும் நம் முருங்கை மரத்துக்கு வருகிறவைதான். ஆனால் அவற்றின் சிறகு சின்னது. இந்த அளவுக்கு இறகு வராது, நிறமும் இந்த நீலச் சாம்பல் கிடையாது.

மிச்சம் இருந்தது இரண்டு. ஒன்று வல்லூறு. சின்னப் பருந்து மாதிரி இருக்குமே, கோழிக்குஞ்சைத் தூக்குமே, அது. மேல்பக்கம் அதுவும் சாம்பல்தான். ஏமாற்றுவது அதுதான். ஆனால் வல்லூறின் சிறகு இறகை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் குறுக்கே வரி வரியாகப் பட்டைகள் தெரியும், ஏணிப்படி மாதிரி. பையன் இறகை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தான். பட்டை ஒன்றுகூட இல்லை. உள்மடல் வெளிர் சாம்பல், வெளிமடல் அதைவிடக் கொஞ்சம் கறுப்பு, நுனியில் புகை படிந்த மாதிரி.

இன்னொன்று கூகை. நம் பக்கத்துப் பழைய கட்டடங்களில் உண்டு. கூகையின் இறகைத் தொட்டாலே தெரிந்துவிடும், வெல்வெட் துணி மாதிரி இருக்கும். வெளிப்பக்கத்து இறகின் ஓரத்தில் சீப்புப் பல்லைப்போல் நுண்ணிய இழைகள் நிற்கும். சத்தமில்லாமல் பறக்க அதுதான் வசதி. இந்த இறகு மொடமொடவென்று, விறைப்பாக இருந்தது. காற்றில் வீசினால் 'விஷ்' என்று சத்தம் கேட்டது.

எங்கள் வீட்டுக்காரர் அதுவரை சும்மா இருந்தவர், "ஒரு எறகுக்கு இம்புட்டு விசாரணையா, கொலைக் கேசு மாதிரி" என்றார். கொலைக் கேசுதானே! சிரிக்காதீர்கள், இறகை வைத்து நிஜமாகவே பெரிய விசாரணைகள் நடந்திருக்கின்றன. 1960 அக்டோபர் 4 அன்று அமெரிக்காவில் பாஸ்டனில் ஒரு பயணிகள் விமானம் கிளம்பிய சில நொடிகளில் கடலில் விழுந்து 62 பேர் இறந்தார்கள். என்ஜினுக்குள் சிக்கியிருந்த இறகுத் துணுக்குகளை ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே பாடம் செய்த பறவைகளோடு வேலை பார்த்துக்கொண்டிருந்த ராக்ஸி லேபோர்ன் என்ற அம்மையார், அவை ஸ்டார்லிங் என்ற பறவையின் இறகுகள் என்று கண்டுபிடித்தார். நம் ஊர் மைனாவுக்குச் சொந்தக்காரப் பறவை அது, உள்ளங்கைக்குள் அடங்கும். அதற்குப் பிறகுதான் விமான என்ஜின்கள் பறவை மோதலைத் தாங்குமா என்பதைத் தீவிரமாகச் சோதிக்க ஆரம்பித்தார்கள். அந்தம்மா அதற்குப் பிறகும் பல வருஷம் இதே வேலையைச் செய்தார். எனக்கு மிகவும் பிடித்த ஆசாமிகளில் ஒருவர்.

சரி, எங்கள் கேசுக்கு வருகிறேன்.

கடைசியாக ஒரு சோதனை மிச்சம் இருந்தது. வீட்டில் கறுப்புக் குடை ஒன்று உண்டு. இறகின் அடியில் பஞ்சு மாதிரி இருக்கிற தூவியைக் குடைத்துணியில் லேசாகத் தேய்க்கச் சொன்னேன். வெள்ளையாகப் பவுடர் படிந்தது. புறாக்களுக்கு இது உண்டு. அவற்றின் சில தூவிகள் பொடிந்து பொடிந்து உடம்பு முழுக்கப் பவுடராகப் படியும். கண்ணாடி ஜன்னலில் புறா மோதிவிட்டுப் போனால், சிறகு விரித்தபடி ஒரு வெள்ளை அச்சு கண்ணாடியில் இருக்குமே, அது இந்தப் பவுடர்தான்.

பையன் முகம் மலர்ந்தது. "குளிக்க வைக்கிற தண்ணில மேலாப்புல வெள்ளையா ஆடை மாதிரி மிதக்கும் டீச்சர். அதா இது? நான் அழுக்குன்னுல்லா நெனச்சேன்."

பதினோரு வருஷம் புறா வளர்த்தவன். நான் சொல்லிக்கொடுத்தது அந்த ஒன்றுதான் என்று நினைக்கிறேன். இதற்கு மேல் அவன்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தான்.

ஆக, புறா இறகுதான். மாடப்புறா. அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அவன் கேள்வி அதுவல்லவே. அவனுடைய புறாவா என்பதுதான் கேள்வி.

இங்கேதான் சிக்கல். கூண்டில் வளர்கிற ஹோமரும், கோபுரத்தில் குந்தியிருக்கிற மாடப்புறாவும் ஒரே இனம். டார்வின் இதற்காகவே புறா வளர்த்தார். லண்டனில் இரண்டு புறா வளர்ப்போர் சங்கங்களில் சேர்ந்து, எல்லா வகைப் புறாவையும் வாங்கிப் பார்த்தார். விசிறி வால் புறா, கரணமடிக்கிற புறா, தொண்டையைப் பந்து மாதிரி உப்புகிற புறா, எல்லாம் இந்தச் சாம்பல் மாடப்புறாவிலிருந்தே வந்தவை என்று 1859-இல் வந்த தன் புத்தகத்தின் முதல் அத்தியாயத்திலேயே எழுதினார். வேறு வேறு நிறத்துப் புறாக்களைக் கலந்தால், சில தலைமுறையில் இரண்டு கறுப்புப் பட்டை போட்ட சாம்பல் குஞ்சு மறுபடி பிறந்துவிடுகிறது என்பது அவர் காட்டிய சாட்சிகளில் ஒன்று. நீலத்தின் நிறமும் அதே சாம்பல்தான். நெல்லையப்பர் கோபுரத்து மாடங்களில் இருக்கிற புறாக்களின் நிறமும் அதேதான். ஒற்றைச் சிறகு இறகைப் பார்த்து, இது வளையம் போட்ட புறா, அது போடாத புறா என்று நானும் சொல்ல முடியாது, லேபோர்ன் அம்மாவும் சொல்ல முடியாது.

இதைச் சொன்னேன். பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. எழுந்து போனான். கோபித்துக்கொண்டான் என்று நினைத்தேன். பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தான். ஒரு கையில் ஒரு புறா, அக்குளில் ஒரு நோட்டுப் புத்தகம்.

புறாவை அவன் பிடித்திருந்த விதத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு கால்களும் விரல்களுக்கு நடுவே, நெஞ்சு உள்ளங்கையில், கட்டைவிரல் முதுகில். அது பயப்படவே இல்லை. வலது சிறகை விசிறியைப்போல மெதுவாக விரித்தான். உள்ளேயிருந்து வெளியே எண்ணினான். ஒன்று, இரண்டு என்று பத்து இறகு. ஒவ்வொன்றின் மேலும் நம் இறகை வைத்துப் பார்த்தான். நீளம், நுனி, வெளிமடலின் வளைவு. ஏழாவதின் மேல் வைத்தபோது இரண்டும் ஒன்றாகிவிட்டன.

"ஏழாவது" என்றான். அப்புறம் நோட்டைத் திறந்தான்.

புறா சிறகு இறகை உதிர்ப்பதில் ஓர் ஒழுங்கு உண்டு. எல்லாவற்றையும் ஒரேயடியாக உதிர்த்தால் பறக்க முடியாதல்லவா? உள்ளேயிருக்கிற முதல் இறகை முதலில் உதிர்க்கும். அது பாதி வளர்ந்து வரும்போது இரண்டாவது, பிறகு மூன்றாவது. பத்தாவது வரை போய்ச் சேர மாசக்கணக்கில் ஆகும். இரண்டு சிறகிலும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் நடக்கும், அப்போதுதான் ஒரு பக்கம் சாயாமல் பறக்கலாம். இதை நான் பாடத்தில் ஒரு வரியாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறேன். இந்தப் பையன் ஒவ்வொரு புறாவுக்கும் ஒரு பக்கம் போட்டு, எந்தத் தேதியில் எத்தனையாவது இறகு விழுந்தது என்று எழுதி வைத்திருக்கிறான். அவன் அப்பா தொடங்கி வைத்த பழக்கம். முதல் பக்கங்களில் அவர் கையெழுத்து. அந்த மனிதர் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர். எந்தப் பல்கலைக்கழகத்துக் குறிப்பேட்டுக்கும் அது குறைச்சல் இல்லை என்று நான் எங்கேயும் சொல்வேன்.

நீலத்தின் பக்கம். கயத்தாறு போன அன்று காலை எழுதியிருந்தான்: மூன்றாவது விழுந்தாச்சு.

ஆறு நாளில் மூன்றிலிருந்து ஏழுக்குப் போகாது. ஆகவே இந்த ஏழாவது இறகு நீலத்திடமிருந்து தானாக உதிர்ந்ததாக இருக்க முடியாது.

"அப்ப புடுங்குனதுதான்" என்றான் சட்டென்று. பாருங்கள், இவ்வளவுக்குப் பிறகும் ராசாவை விடவில்லை. அவன் கேட்டதும் நியாயம்தான். இறகுகள் முறைப்படிதான் உதிரும், பூனை முறை பார்த்துப் பிடுங்காது.

காம்பைப் பார்த்தோம். பூனை, நாய், கீரி எல்லாம் பல்லால் கடிப்பவை. அவை தின்ற இடத்தில் கிடக்கிற இறகுகளில் காம்பு நசுங்கியோ, கடித்து முறித்தோ இருக்கும். எச்சில் பட்டு இழைகள் ஒட்டிப்போய்க் கிடக்கும். வல்லூறு மாதிரிப் பறவைகள் அலகால் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போடும், காம்பு முழுசாக வரும். நம் இறகின் காம்பு முழுசாக, காய்ந்து, நுனி மூடிச் சுத்தமாக இருந்தது. பூனையும் சில சமயம் பெரிய பறவையைத் தின்னுமுன் இறகைப் பிடுங்கித் துப்பும். அதனால் இந்த ஒரு காம்பை வைத்து ராசாவுக்கு நற்சான்றிதழ் எழுதிக் கொடுத்துவிட முடியாது. அதையும் அவனிடம் சொன்னேன். சாட்சியில் ஒரு பக்கத்தை மறைத்துவிட்டுப் பேசினால் அவன் என்னையும் நம்ப மாட்டான், இறகையும் நம்ப மாட்டான்.

அப்போது பூதக்கண்ணாடி அவன் கையில் இருந்தது. இறகை ஓரமாகச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தவன், "டீச்சர், இங்க ஒரு கோடு" என்றான்.

மடலின் குறுக்கே, நுனியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில், முடி அகலத்துக்கு ஒரு கோடு. அந்த இடத்தில் மட்டும் இழைகள் மெலிந்து, வெளிச்சம் ஊடுருவியது. இறகு வளர்கிற நாட்களில் பறவைக்கு இரை சரியாகக் கிடைக்காமல் போனாலோ, பெரிய பயமோ நோயோ வந்தாலோ, அன்றைக்கு வளர்ந்த துண்டு இப்படி மெலிந்துபோகும். அது அப்படியே இறகில் பதிந்து, அந்த இறகு உதிரும் வரை இருக்கும். பட்டினிக் கோடு என்று சொல்லலாம். நம் நகத்தில்கூடப் பெரிய காய்ச்சலுக்குப் பிறகு குறுக்கே ஒரு பள்ளம் வருமே, அது மாதிரி.

பையன் இறகைக் கீழே வைத்துவிட்டான்.

"இது நீலத்தோடது இல்ல டீச்சர்."

"எப்படிச் சொல்லுத?"

"என் கூண்டுல ஒருநாள்கூடக் கம்பும் சோளமும் கொறஞ்சது கெடையாது. அன்னைக்குக் காலைல அது செறகு ரெண்டையும் விரிச்சுப் பாத்துட்டுத்தான் பைல போட்டேன். இந்தக் கோடு இருந்திருந்தா என் கண்ணுக்குத் தப்பாது."

இதை நான் சொல்லவில்லை. அவனாகச் சொன்னான். அவன் வளர்ப்பின் மேல் அவனுக்கிருந்த அந்தக் கர்வம்தான் ராசாவைக் காப்பாற்றியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இருந்தாலும் மாடியையும் பார்த்துவிடுவோம் என்று ஆச்சி வீட்டுக்குப் போனோம். முதலில் கதவு திறக்கவில்லை. "நான்தான் ஆச்சி" என்று குரல் கொடுத்த பிறகு திறந்தார். அவனைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் வழி விட்டார். ஒரு புறா கொல்லப்பட்ட இடத்தில் ஒற்றை இறகு கிடக்காது. பாய் விரித்த மாதிரி கிடக்கும். புறாவுக்கு உடல் இறகு மிகவும் இளக்கம், பிடித்தால் கொத்தாகக் கையோடு வந்துவிடும். எதிரியின் வாயில் இறகை விட்டுவிட்டுத் தப்பிக்கிற தந்திரம் அது. மூலை, சாக்கடைத் துவாரம், தண்ணீர்த் தொட்டி இடுக்கு, பழைய தகரம் எல்லாம் பார்த்தோம். ஒரு தூவி இல்லை, ரத்தக் கறை இல்லை. கைப்பிடிச் சுவரின் மேல் புறா எச்சம் மட்டும் வரிசையாக இருந்தது. ஊர்ப் புறாக்கள் சாயங்காலம் அங்கே வந்து உட்காருகிறவைதான். அவற்றில் ஒன்று தன் ஏழாவது இறகை உதிர்த்துவிட்டுப் போயிருக்கிறது. நுனியெல்லாம் தேய்ந்து வெளுத்திருந்த பழைய இறகு. அது விழ வேண்டிய காலம்.

(இடையில் ஒன்று: இறகைத் தொட்டால் கை கழுவுங்கள். புறா எச்சம் காய்ந்த இடத்தைக் கூட்டுமுன் தண்ணீர் தெளித்து, மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள். அந்தத் தூசி சிலருக்கு நுரையீரலைக் கெடுத்துவிடும். கூண்டு வைத்திருப்பவர்கள் இருமலை அலட்சியம் செய்யக் கூடாது. பையனிடமும் சொல்லியிருக்கிறேன், கேட்கிற மாதிரித் தெரியவில்லை.)

மாடியிலிருந்து இறங்கும்போது பையன், "அப்ப என் புறா எங்க டீச்சர்?" என்றான்.

அதற்கு அந்த இறகில் பதில் இல்லை. காற்று திசை திருப்பியிருக்கலாம். வல்லூறு அடித்திருக்கலாம். வேறு யார் கூண்டிலாவது இறங்கியிருக்கலாம். வழி தவறுகிற ஹோமர் ஊர்ப் புறாக் கூட்டத்தோடு சேர்ந்துகொள்வதும் உண்டு. எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியாகச் சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டான்.

ஆச்சியிடம் அவன் மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்து ஒரு சின்ன மணி வாங்கிக்கொண்டு போய் ராசாவின் கழுத்தில் கட்டட்டுமா என்று கேட்டிருக்கிறான். "மருந்து வாங்க வச்சிருந்த துட்டா இது?" என்று கேட்டிருக்கிறார் ஆச்சி. அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றானாம். "கெட்டு, கெட்டு. இறுக்கிக் கெட்டிராத" என்றாராம். ஆச்சியே என்னிடம் சொன்னது. பூனை பூனைதான், நாளைக்கே புறாக் குஞ்சைத் தூக்கினாலும் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அதனால் விளக்கு வைத்த பிறகு ராசாவை வெளியே விடாதீர்கள் என்று ஆச்சியிடம் சொல்லியிருக்கிறேன். கூண்டுக் கம்பியில் ஒரு பக்கம் ஓட்டை பெரிசாக இருந்தது, அதை அடைக்கச் சொல்லி அவனிடமும் சொன்னேன்.

ஊருக்கு வெளியே வயல்காட்டில் பாழடைந்த கிணறு ஒன்று இருக்கிறது. தண்ணீர் இறைத்துப் பல வருஷமாகிறது. உள்சுவரின் பொந்துகளில் நாற்பது ஐம்பது புறா குடியிருக்கின்றன. மாடப்புறாவுக்கு மாடமும் ஒன்றுதான், மலைப்பாறை இடுக்கும் ஒன்றுதான், கிணற்றுப் பொந்தும் ஒன்றுதான். தினமும் சாயங்காலம் பாலிடெக்னிக் விட்டு வந்ததும் பையன் அப்பாவின் சைக்கிளை எடுத்துக்கொண்டு அங்கே போகிறான். கல்லைப் போட்டுக் கலைத்தால் எல்லாம் ஒரே சாம்பலாகத்தான் எழும்பும், ஒன்றையும் பிரித்துப் பார்க்க முடியாது. அதனால் கலைக்காமல் வரப்பில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக வந்து கிணற்று விளிம்பில் இறங்கும்போது காலைப் பார்க்கிறானாம்.

"வளையம் தெரியுதா?" என்று கேட்டேன்.

"தூரம் டீச்சர். வெளிச்சமும் போயிருது."

என்னிடம் ஒரு பழைய பைனாகுலர் உண்டு. கூந்தன்குளத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போன காலத்தில் வாங்கியது. ஒரு பக்கக் கண்ணாடியில் லேசாகப் பூஞ்சை. துடைத்து, புது வார் போட்டு, நேற்று அவனிடம் கொடுத்திருக்கிறேன்.